கழகத்துக்கு ஏது முதலாளி?

"அண்ணை, இதில ஓனர் எண்டு ஒரு கட்டமும் இல்லையே?"

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கழகப் பதிவுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பொடியன் கேட்டான். தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் எல்லாருக்கும் படிவத்தில் இடம் இருந்தது. இரவிரவாக முழித்திருந்து இங்கிலாந்து ஆட்டங்கள் பார்க்கிறவன் அவன். கிளப் என்றால் ஓனர் இருந்தே ஆகவேண்டும் என்பது அவன் கணக்கு. "அப்ப ஓனருக்குத் தமிழ் என்ன?" என்று அடுத்ததையும் கேட்டான். அன்றைக்கு மழுப்பிவிட்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் கிளப். வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் 'கிளுப்பா' என்றால் நுனி பருத்த தடி. தடியின் நுனி திரண்டிருப்பதுபோல ஆட்கள் திரள்வதற்கும் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இதே சொல் வந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வதையும் இதே சொல்லால் குறித்தார்கள். நாங்கள் 'பங்குக்காசு போடுறது' என்கிறோமே, அதுதான் கிளப்.

இனிக் கழகம். தமிழ்நாட்டில் கழகம் என்றதும் கட்சி நினைவுக்கு வரும், வன்னியில் உதைபந்து. ஆனால் வள்ளுவர் காலத்தில் இது அவ்வளவு நல்ல இடமில்லை. 'சூது' அதிகாரத்தில், 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்' என்கிறார் (குறள் 937). அங்கே கழகம் என்பது சூதாடும் இடம். கம்பரிடம் வரும்போது அது கலை பயிலும் இடமாகிவிடுகிறது. 'பந்தினை இளையவர் பயிலிடம், மயிலூர் கந்தனை அனையவர் கலைதெரி கழகம்' என்று பந்தையும் கழகத்தையும் அடுத்தடுத்த அடியில் வைத்திருக்கிறார். பந்தாடுவது அங்கே பெண்கள் என்பதைப் பெண்கள் அணிக்கு மைதானம் விடமாட்டோம் என்கிற கழகங்களுக்கு யாராவது சொல்லுங்கள். பிறகு தனித்தமிழ்க்காரர் சங்கத்துக்குப் பதிலாகக் கழகத்தை எடுத்தாண்டார்கள்; பல்கலைக்கழகம் வரை போயிற்று.

ஆக, தடியிலிருந்து வந்த சொல்லிலும் சரி, சூதாட்டக் களத்திலிருந்து வந்த சொல்லிலும் சரி, ஆட்கள் கூடுவதுதான் இருக்கிறது. ஒருவருக்குச் சொந்தம் என்ற பொருள் இரண்டிலும் இல்லை.

இங்கிலாந்திலும் தொடக்கத்தில் இப்படித்தான். மன்செஸ்டர் யுனைட்டெட் 1878இல் ரயில்வேத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கழகம். பிறகு கழகங்கள் கம்பனிகளாயின, கம்பனிக்குப் பங்குகள் வந்தன, பங்கை மொத்தமாக வாங்குகிறவர்களும் வந்தார்கள். 1983இல் டொட்டன்ஹாம் கழகம் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. 'ஓனர்' கழகத்துக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

அவரைத் தமிழில் என்னென்பது? 'முதலாளி' என்பதுதான் வாயில் வரும். முதலை உடைய ஆள், முதல் போட்டவர். பிளாக்பேர்ன் ரோவர்ஸுக்கு ஜாக் வோக்கர் அப்படி ஒருவர். உருக்கு வியாபாரத்தில் உழைத்த காசைச் சொந்த ஊர்க் கழகத்தில் கொட்டினார். 1995இல் இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக் கிண்ணம் அந்தச் சிறிய ஊருக்குப் போனது. ஆனால் 2005இல் கிளேசர் குடும்பம் மன்செஸ்டர் யுனைட்டெட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியபோது பெரும்பகுதி கடன்காசு. அந்தக் கடனையும் தூக்கிக் கழகத்தின் தலையிலேயே வைத்தார்கள். முதல் போடாதவருக்கு முதலாளி என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

லீட்ஸ் யுனைட்டெட் கதை வள்ளுவரின் கழகத்துக்கே திரும்பிப் போகிறது. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து ஆடுவோம், காசு வரும் என்று நம்பிக் கடன் வாங்கி ஆட்டக்காரரை வாங்கினார்கள். 2001இல் அந்தப் போட்டியில் அரையிறுதி. 2004இல் பிரீமியர் லீக்கை விட்டு வெளியே. 2007இல் மூன்றாம் பிரிவு. வராத காசை வைத்து ஆடுவதற்குச் சூது என்றுதான் பெயர்.

பிளாக்பேர்னுக்குத் திரும்பி வருவோம். வோக்கர் 2000இல் காலமானார். 2010 நவம்பரில் பூனேயைச் சேர்ந்த வெங்கீஸ் என்ற கோழி நிறுவனம் கழகத்தை வாங்கியது. அடுத்த மாதமே மனேஜர் சாம் அலர்டைஸைத் தூக்கினார்கள். அணி அப்போது 13ஆம் இடத்தில். அந்தக் கழகத்துக்கு அது மோசமான இடமே இல்லை. அலர்டைஸுக்குப் பதிலாக வந்தவர் அதற்கு முன் ஒரு கழகத்தையும் நடத்திப் பழகாத உதவிப் பயிற்றுநர். (மனேஜர் என்ற சொல்லுக்கு மூலம் இத்தாலியில் குதிரையைக் கையால் பழக்குவது. எங்கள் பத்திரிகைகள் 'முகாமையாளர்' என்று எழுதும்போது வங்கியில் கதிரை போட்டிருப்பவர்தான் கண்ணில் வருகிறார். உதைபந்தில் 'தலைமைப் பயிற்றுநர்' என்பதே சரி.) 2012 மே மாதம், பிரீமியர் லீக்கிலிருந்து இறங்குவது உறுதியான அந்த ஆட்டத்தில், கழகக் கொடி சுற்றிய உயிர்க்கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். கோழி மைதானத்தில் ஓடித் திரிந்தது. 2017இல் மூன்றாம் பிரிவுக்கே போயிற்று. அடுத்த வருடம் ஒருபடி ஏறியது, அது வேறு கதை.

ரசிகருக்கு ஏன் கோழியைத் தவிர வேறு வழி இல்லை? அங்கேதான் சொல் கணக்கில் வருகிறது. எங்கள் ஊர்க் கழகத்தில் யாப்பு என்ற விதித்தொகுப்பு இருக்கிறது, ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது. பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, "போன மாதம் வலை வாங்கின காசு எங்க?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். கேட்டவன் சந்தா கட்டாதவனாகவும் இருப்பான், அது பரவாயில்லை. பிளாக்பேர்னில் அப்படி இருந்து கேட்க ஒரு வாங்கும் இல்லை. ஜேர்மனியில் கழக உறுப்பினர் கையிலேயே பாதிக்கு மேல் வாக்கு இருக்கவேண்டும் என்று பொதுவிதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

எங்களுக்கு ஓனர் தொல்லை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். நான் அறிந்த ஒரு கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்பினார். ஜேர்சி வந்தது, கோல் கம்பத்துக்குப் புது வலை வந்தது, பிறகு ஒரு வட்ஸ்அப் குரற்செய்தியும் வந்தது: அணித்தலைவர் கைப்பட்டி தன் மருமகனுக்கு. பொதுக்கூட்டம் கூடவில்லை, கொப்பியில் தீர்மானமும் இல்லை. அடுத்த தொடருக்குள் கோல் காப்பாளரும் இரண்டு முன்வரிசைப் பொடியன்களும் பக்கத்து ஊர்க் கழகத்தில். வலை இன்னும் புதிதாகவே இருக்கிறது.

அந்த மனிதரின் பதவி 'போசகர்'. போஷித்தல் என்றால் ஊட்டி வளர்த்தல். தமிழில் 'புரவலர்', புரக்கிறவர். இரண்டிலும் கொடுக்கும் கைதான் உண்டு, கட்டளையிடும் வாய் இல்லை.

எனவே, பொடியா: இங்கிலாந்துச் செய்தி எழுதினால் 'உரிமையாளர்' என்று போடு, சட்டப்படி அதுதான். பங்கு அதிகம் என்று மட்டும் சொல்ல 'பெரும்பங்காளர்'. சொந்தக்காசு போட்டவரென்றால் 'முதலாளி' என்றும் சொல்லலாம். எங்கள் கழகத்துக்கு இந்த மூன்றும் தேவையில்லை. படிவத்தில் போசகர் கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறதாம். கனடாவிலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.