ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பைக் காப்பியடிக்காதீர்கள்

அமெரிக்க ஜாஸ் பாடகரும் ட்ரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங் போலப் பாட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் கரகரப்பைத்தான். தொண்டை கெடுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு: பொய்க் குரல்நாண்கள். விழுங்கும்போது மூச்சுக்குழாயைக் காப்பது அவற்றின் முக்கிய வேலை. தொண்டையை இறுக்கிப் பாடினால் அவையும் நெருங்கி வந்து தாறுமாறாக அதிரும். அந்த இறுக்கத்தில் நிஜக் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி வீங்கும். இதுவே பழக்கமானால் அவற்றில் கணுவோ (சிறு தடிப்பு) பாலிப்போ (சதை வளர்ச்சி) வரலாம்.

1928 ஜூனில் சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இசைத்தட்டைக் கேளுங்கள். ஜிம்மி ஸ்ட்ராங் கிளாரினெட்டில் ஒரு வரி வாசிக்க, ஆம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாமல் அதற்குப் பதில் பாடுகிறார். எவ்வளவு மென்மையான குரல்! பதில் ஒவ்வொன்றும் கிளாரினெட் வரியைத் தொட்டு, சற்றே திருப்பிவிடுகிறது. 1967-இல் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாடியபோது அதே குரல் கனத்து, கரகரத்திருந்தது. இடையில் மாறாதிருந்தது அவருடைய காலக்கணக்கு. சொல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி விழும். வரி முடிவில் மட்டும் சுரம் அசையும்.

ட்ரம்பெட்டில் சுரத்தைத் தெளிவாகத் தொடங்க நாக்கு நுனி 'த' என்று தட்ட வேண்டும். 1926-இன் 'ஹீபி ஜீபீஸ்' ஸ்கேட் பாட்டில் (ஸ்கேட் என்றால் சொற்களுக்குப் பதில் பொருளற்ற அசைகளைப் பாடுவது) ஆம்ஸ்ட்ராங் அசைகளைத் தொடங்கும் விதத்திலும் அந்தத் தட்டல் கேட்கிறது. பழக வேண்டியது இதைத்தான்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு வரியை முதலில் பாடாமல் பேசுங்கள். முதல் தட்டைக் காலியாக விட்டு, அரைத் தட்டுக்குப் பிறகு தொடங்குங்கள். அடுத்து, சொற்களை எடுத்துவிட்டு 'த', 'ட', 'ப' அசைகளில் அதே வரி. ஐந்து நிமிடம் போதும். அவசரத்தில் வரியின் கடைசிச் சொல் தாளத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்; பெரும்பாலும் பிசகுவது அங்கேதான்.

தொண்டை அரித்தாலோ வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். செருமாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவதும் ஓய்வாகாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கேமராவில் பார்த்துவிட வேண்டும். புகைபிடிப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.