டொபிக், விடயம், பேசுபொருள்

"டொபிக்க விட்டு வெளிய போறீங்க அண்ணன்."
"இதுவும் அந்த டொபிக்தான் தம்பி."

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் நடந்த கடற்றொழிலாளர் கூட்டமொன்றில் காதில் விழுந்த கதை இது. கூடியது, மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து மொத்தமாக அள்ளும் சுருக்குவலை பற்றிப் பேச. அண்ணன் எடுத்தது படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் விலையை.

டொபிக் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தது, வேர் கிரேக்கம். 'தொப்பொஸ்' என்றால் இடம். வாதம் செய்பவன் நியாயங்களைத் தேடிப் போகவேண்டிய 'இடங்களை' அரிஸ்டாட்டில் ஒரு நூலாகத் தொகுத்தார். அதன் பெயர் 'தொப்பிக்கா'. அந்தப் பெயர்தான் பின்னாளில், பேச எடுத்த பொருளையே குறிக்கும் சொல்லாயிற்று.

நாம் எழுதும் 'விடயம்' வடமொழி 'விஷய'. ஷகரம் டகரமாவது பழைய வழக்கம். விஷம் விடமானதும் அப்படித்தான். 'விஷய' என்பதற்கும் நாடு, ஆட்சிப் பகுதி என்ற பொருள் உண்டு. ஆக இரண்டு மொழியிலும் இந்தச் சொல் எல்லை போட்ட நிலத்தோடு உறவு கொண்டது. திருகோணமலைக் கரைவலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் வலை வளைக்கும் கரைத்துண்டுக்குப் 'பாடு' என்று பெயர். அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் சண்டைதான்.

தமிழில் என்ன சொல்வது? 'தலைப்பு' போதாது. அது தாளின் உச்சியில் இருப்பது. சேலைக்கும் தலைப்பு உண்டு. 'பேசுபொருள்' நல்ல சொல், வினைத்தொகை. ஆனால் பத்திரிகைகள் 'பேசுபொருளாகியுள்ளது' என்று எழுதியெழுதி, ஊரே பேசும் பரபரப்பு என்ற பக்கம் அதை இழுத்துவிட்டன. கூட்டத்தில் எடுத்த பொருளைக் குறிக்க எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும்.

வழி தவறுவதற்குத்தான் தமிழில் அருமையான பெயர் இருக்கிறது: 'மற்றொன்று விரித்தல்'. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் அடுக்கிய பத்துக் குற்றங்களில் ஒன்று. 'மற்றொன்று கூறல்' என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். அதே வரிசையில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் எல்லாம் 'கூறல்' என்றே வருகின்றன; இங்கோ 'விரித்தல்'. வேறொன்றைத் தொடுவது குற்றமில்லை, அதிலேயே பாய் விரித்துப் படுப்பதுதான் குற்றம் என்றே நான் வாசிக்கிறேன். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் அதைத் தென்னையில் கட்டிவிட்டுத் தென்னையை விவரித்த பிள்ளையின் கதை தெரியும்தானே. கட்டியதில் பிழையில்லை. பசுவிடம் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

இனி அண்ணனின் மண்ணெண்ணெய்க்கு வருவோம். 'எண்ணெய் விலை ஏறினதாலதான் ஒரே வளைப்பில அள்ளப் பாக்கிறாங்கள்' என்றால் அது பேசுபொருளுக்கு உட்பட்டது. காரணம் கேட்டுத்தானே கூடியிருக்கிறார்கள்? 'மானியம் ஏன் எனக்கு வரேல்ல' என்று தொடங்கினால் புறம்பானது. சொல் ஒன்றுதான். கூட்டம் எடுக்கவேண்டிய முடிவுக்கு அது உதவுகிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

அண்ணன் இரண்டையும் சேர்த்தே சொன்னார். முதற்பாதியைச் செயலாளர் குறிப்பில் எழுதினார். மானியத்தை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருந்த 'ஏனைய விடயங்கள்' என்பதில் போட்டார். அது வரும்போது பாதிப்பேர் வலை இழுக்கப் போய்விட்டார்கள்.