கடூசியஸ்: தூதுக்கோலும் மருத்துவப் பாம்புக்கோலும்

மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலும், மருந்துச்சீட்டின் தலைப்பிலும், மருத்துவரின் கார்க் கண்ணாடியில் ஒட்டிய வில்லையிலும் காணப்படும் பாம்பு சுற்றிய கோலுக்குப் பெயர் என்ன என்று கேட்டால், படித்தவர் பலர் 'கடூசியஸ்' என்று விடை சொல்வர். ஒரே கோலில் இரண்டு பாம்புகள் எதிரெதிராகப் பின்னி, உச்சியில் இரண்டு சிறகுகளும் விரிந்திருந்தால் அந்த விடை சரி. ஒற்றைப் பாம்பு சுற்றிய, சிறகில்லாத கோலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அது வேறொரு தெய்வத்தின் கோல். மருத்துவத்துக்கு உரியதும் அதுவே.

கடூசியஸ் என்பது ஆங்கில வழியே நமக்கு வந்த இலத்தீன் சொல். இலத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து சென்றது. கிரேக்க மொழியில் 'கேரூக்ஸ்' என்றால் அரசனின் ஆணையை ஊராருக்கு அறிவிப்பவன், பகைவர் பாசறைக்குத் தூது செல்பவன் என்று பொருள். அவன் கையில் ஏந்தும் கோல் 'கேரூக்கெயோன்'. டோரிய வட்டார வழக்கில் 'காரூக்கெயோன்' என்று ஒலித்த இச்சொல் இலத்தீனுக்குள் புகுந்தபோது இடையிலிருந்த ரகரம் டகரமாகத் திரிந்தது. கேரூக்ஸ் என்னும் சொல்லை, பாடுவோனைக் குறிக்கும் வேதமொழிச் சொல்லாகிய 'காரு' என்பதோடு மொழியியலார் உறவுபடுத்துவர். ஆகவே இச்சொல்லின் வேரில் பாம்பும் இல்லை, மருந்தும் இல்லை. குரலெடுத்து அறிவிக்கும் தூதன் ஒருவனே இருக்கிறான்.

அந்தக் கோலை ஏந்திய தெய்வம் ஹெர்மஸ். உரோமானியர் வழக்கில் மெர்க்குரி. தேவர்களுக்குத் தூதன், வழிப்போக்கருக்கும் வணிகருக்கும் காவலன், திருடருக்கும் அவனே துணை. இறந்தவரின் உயிரைக் கீழுலகுக்கு அழைத்துச் செல்லும் பணியும் அவனுடையது என்பதை நினைத்தால், அவன் கோலை மருத்துவமனை வாயிலில் மாட்டி வைப்பது நோயாளிக்குச் சற்றே அச்சம் தரக்கூடிய செயல்தான். பழைய கிரேக்க மண்பாண்ட ஓவியங்களில் இக்கோலின் முனை, மேற்புறம் திறந்த எட்டு வடிவில் இருக்கும். அவ்வளைவுகள் பாம்புகளாகத் தெளிவுபெற்றது பின்னர். சண்டையிட்ட இரு பாம்புகளுக்கு இடையில் ஹெர்மஸ் தன் கோலை இட, அவை பகை நீங்கிக் கோலைப் பின்னிக்கொண்டன என்றொரு கதை உண்டு. கோலேந்திய தூதனைப் பகைவரும் தீண்டலாகாது என்ற மரபுக்கு அக்கதை நன்கு இசைகிறது.

ஒற்றைப் பாம்புக் கோலுக்கு உரியவன் கிரேக்கரின் மருத்துவத் தெய்வமாகிய அஸ்க்லேப்பியஸ். அப்பொல்லோவுக்கும் கொரோனிஸ் என்பவளுக்கும் பிறந்து, கைரோன் என்னும் குதிரைமனிதனிடம் மருத்துவம் கற்றவன். ஹோமரின் இலியத் காவியத்தில் அவன் தெய்வமாக இல்லை. குற்றமற்ற மருத்துவனாகவும், போர்க்களத்தில் புண்ணாற்றும் மக்காவோன், பொதலைரியோஸ் என்னும் இருவரின் தந்தையாகவுமே பேசப்படுகிறான். பிற்காலத்தில் அவனுக்கு எபிதாவுரோஸ், கோஸ், பெர்கமோன் முதலிய இடங்களில் கோயில்கள் எழுந்தன. நோயாளிகள் அக்கோயிலின் தனிக்கூடத்தில் இரவு துயின்று, கனவில் தெய்வம் வந்து காட்டும் வழியில் குணம் பெறுவதாக நம்பினர். நஞ்சில்லாத பாம்புகள் அவ்வளாகங்களில் வளர்க்கப்பட்டன. கி.மு. 293இல் உரோமில் கொள்ளைநோய் பரவியபோது எபிதாவுரோஸுக்குத் தூதுக்குழு சென்றதென்றும், அங்கிருந்து கப்பலேறி வந்த பாம்பு டைபர் ஆற்றின் நடுத்தீவில் நீந்திக் கரையேறியதென்றும் சொல்வர். அத்தீவில் கி.மு. 291இல் கோயில் அமைந்தது. தீவின் கரையில் கப்பல் வடிவாகக் கட்டிய கல்வரிசையில் செதுக்கப்பட்ட பாம்பும் கோலும் சிதைந்த நிலையில் இன்றும் உள்ளன. தீவில் இன்றும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது.

இரண்டும் எப்படிக் கலந்தன? பதினாறாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அச்சகத்தார் யோகான் ஃப்ரோபென் தூதுக்கோலைத் தம் பதிப்புச் சின்னமாக வைத்திருந்தார். செய்தி பரப்பும் தொழிலுக்கு அது பொருத்தமானதே. பின்னாளில் மருத்துவ நூல்களின் பதிப்பாளர்களும் அதை முகப்பில் அச்சிட்டதால், அச்சுக்குரிய சின்னம் உள்ளே இருந்த மருத்துவத்துக்கு உரியதாகத் தோன்றிவிட்டது. அமெரிக்கத் தரைப்படையில் 1851இலேயே மருத்துவமனைப் பணியாளரின் கைப்பட்டையில் இரட்டைப் பாம்புக் கோல் இடம்பெற்றது. 1902இல் அப்படையின் மருத்துவத் துறை முழுமைக்கும் அதுவே சின்னமாயிற்று. நடுநிலையைக் குறிக்கத்தான் தூதுக்கோலைத் தேர்ந்தோம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அது தவற்றுக்குப் பின் தேடிய காரணமாகவே எனக்குப் படுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1910இல் ஒற்றைப் பாம்புக் கோலையே ஏற்றது. 1948இல் கூடிய முதல் உலக சுகாதாரப் பேரவையும் ஐக்கிய நாடுகள் சின்னத்தின் மேல் அதையே பொருத்தி உலக சுகாதார நிறுவனத்தின் சின்னமாக்கியது. நம் இராணுவ மருத்துவப் படையின் சின்னத்திலும் இருப்பது ஒற்றைப் பாம்புதான்.

இனித் தமிழாக்கம். இரண்டையும் 'மருத்துவச் சின்னம்' என்று பொதுப்படச் சொல்லிவிட்டால் வேறுபாடே மறைந்துபோகும். 'தண்டு', 'தடி' என்பவை ஊன்றுவதற்கும் அடிப்பதற்கும் உரிய பொருளைக் குறிப்பவை. பதவியையும் பணியையும் உணர்த்தும் பொருளுக்குத் தமிழ் காலங்காலமாகக் 'கோல்' என்பதையே ஆண்டுவந்துள்ளது. அரசனுக்குச் செங்கோல், அந்தணர்க்கு உரியவை இவை என்று தொல்காப்பியம் எண்ணும் பொருள்களுள் ஒன்று முக்கோல், மாதவியின் அரங்கேற்றத்தில் சிலப்பதிகாரம் விரித்துரைப்பது தலைக்கோல். ஆகவே கடூசியஸைத் 'தூதுக்கோல்' என்பதே அதன் மூலப்பொருளோடு ஒட்டும். முதன்முறை எழுதுகையில் 'இரட்டைப் பாம்புத் தூதுக்கோல்' எனலாம். அஸ்க்லேப்பியஸின் கோலுக்கு 'மருத்துவப் பாம்புக்கோல்' தகும். வள்ளுவர் தூதை 69ஆம் அதிகாரத்திலும் மருந்தை 95ஆம் அதிகாரத்திலும் வைத்துப் பாடினார். நாமும் இவ்விரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

'நாகக்கோல்' என்று எழுதுவோரும் உண்டு. நாகம் என்றதும் நம் மனத்தில் எழுவது படமெடுக்கும் நல்ல பாம்பு. இக்கோல்களில் உள்ள பாம்புக்குப் படம் கிடையாது. 'அரவம்' என்றால் ஓசை என்றும் பொருளாகும் என்பதால், 'அரவக்கோல்' ஒலியெழுப்பும் கோலோ என்று ஐயுற இடம் தரும். அஸ்க்லேப்பியஸின் பெயரால் இன்றும் விலங்கியலார் வழங்கும் பாம்பு ஐரோப்பாவில் வாழ்வது, நஞ்சற்றது, மரமேறுவது, இரையை இறுக்கிக் கொல்வது. நம்மூர்ச் சாரைக்கு உறவு. சாரையும் நாகமும் பிணைவதாக ஊரில் சொல்லும் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு வலிமை பார்க்கும் போட்டியே. ஹெர்மஸ் கதையில் வரும் பாம்புகள் பின்னியதாகச் சொல்லாமல் சண்டையிட்டதாகத் தொடங்குவது இதனாலோ என்று எண்ணத் தோன்றும். அரசும் வேம்பும் இணைந்த மேடையில் பிள்ளைப்பேறு வேண்டி நிறுத்தும் நாகர் கல்லிலும் இரு பாம்புகள் இதேபோலப் பின்னியிருக்கும். வடிவம் ஒத்திருப்பதைக் கொண்டே கிரேக்கத்திலிருந்து இங்கு வந்தது, இங்கிருந்து அங்குச் சென்றது என்று வரலாறு எழுதிவிடக் கூடாது.

கோலில் சுற்றியிருப்பது பாம்பே இல்லை, புழு என்றொரு கருத்தும் வழங்குகிறது. நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் பெயரிட்ட நோயில், அசுத்த நீரோடு உடலுக்குள் சென்ற புழு வளர்ந்து, காலில் கொப்புளமாய் வெடித்து வெளிவரும். அறுந்துவிடாதபடி அதை ஒரு சிறு குச்சியில் நாள்தோறும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுற்றி எடுப்பதே பண்டுதொட்டு வந்த மருத்துவம். குச்சியும் அதில் சுற்றிய புழுவுமே மருத்துவரின் விளம்பரச் சின்னமாயின என்பர். கேட்பதற்கு அழகான விளக்கந்தான்; ஆனால் கோயிலில் உயிருள்ள பாம்புகளையே வளர்த்த ஒரு வழிபாட்டுக்கு இவ்வளவு சுற்றுவழி தேவையா என்பது என் ஐயம். இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1996இல் காணப்பட்டது; 2000இல் நாடு அதனின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. விவிலியத்தில் மோசே கம்பத்தின் மேல் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தையும் சிலர் இங்கே சேர்ப்பர். அது தனி மரபு.

துறைதோறும் இச்சின்னம் சிறிது மாறும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 1921இல் தூதுக்கோலை ஏற்று, 1971இல் அதை விடுத்து ஒற்றைப் பாம்புக் கோலுக்கு மாறியது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1965இல் ஏற்ற சின்னம் நுணுக்கமானது: பின்னணியில் கிரேக்க எழுத்துகளான டெல்டாவின் முக்கோணமும் ஓமிக்ரானின் வட்டமும், நடுவில் பாம்பு சுற்றிய கோலும், அதைச் சூழ்ந்த கிளைகளில் நிலைப்பற்களுக்கு 32 இலைகளும் பாற்பற்களுக்கு 20 கனிகளும். ஆம்புலன்ஸில் காணும் ஆறு கை நீல நட்சத்திரத்தின் நடுவிலும் ஒற்றைப் பாம்பே. அந்த ஆறு கைகளும் விபத்தைக் கண்டறிவது முதல் மருத்துவமனையில் ஒப்படைப்பது வரையான ஆறு பணிகளைக் குறிக்கும்.

மருந்தாளுநரின் சின்னத்தில் மட்டும் கோல் இல்லை. அங்கே பாம்பு சுற்றியிருப்பது கிண்ணத்தை. அது அஸ்க்லேப்பியஸின் மகள் ஹைஜியாவுக்கு உரியது. அவள் பெயரின் வேர்ச்சொல்லிலிருந்துதான் நாம் சுகாதாரம் என்று பெயர்க்கும் 'ஹைஜீன்' பிறந்தது; அவள் உடன்பிறந்தவளான பனக்கேயாவின் பெயர் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்ற பொருளில் வழங்குகிறது. மருந்துக்கடைச் சின்னத்தைப் 'பாம்புக்கோல்' என்று எழுதினால் தவறாகும். 'நலக்கிண்ணம்' என்பது பொருந்தும்.