நெஞ்சு வலிக்கும்போது தலை ஏன் சுற்றுகிறது?

இதய நோயாளிகள் பலர் சட்டைப்பையில் ஒரு சின்ன மாத்திரையை வைத்திருப்பார்கள். நெஞ்சு இறுகும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. சில நிமிடங்களில் நெஞ்சின் பாரம் இறங்கும். ஆனால் கூடவே மண்டை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். சட்டென்று எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்தபடிதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த வகை மாத்திரைகளுக்கெல்லாம் மூத்தது நைட்ரோகிளிசரின். இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் அதை முதன்முதலில் தயாரித்தபோது, துளியளவு நாக்கில் தொட்டுப் பார்த்தார். கடும் தலைவலி வந்ததாக எழுதி வைத்தார். பின்னாளில் அதைக் கொண்டு டைனமைட் செய்த ஆலைகளில் இன்னொரு விநோதம் தென்பட்டது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வருபவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். ஓரிரு நாளில் உடம்பு பழகி, எல்லாம் சரியாகிவிடும். அப்படிப் பழகியவர்களில் சிலருக்கு வார விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கும்போது நெஞ்சுவலி வந்தது. நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. தலையிலுள்ள குழாய்கள் விரிந்தால் தலைவலி. உடம்பு முழுக்க விரிந்தால் அழுத்தம் இறங்கித் தலைச்சுற்றல். விரிந்தே பழகிய குழாய்கள் மருந்து நின்றதும் இறுகினால் நெஞ்சுவலி. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களோடு பேசும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் விற்ற பணத்தில் வந்த பரிசு!

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், தலைவலி மூன்றும் சேர்ந்து வரும்போது, ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகள் வந்துவிட்டனவா என்று பயப்படத் தோன்றும். குழாயையும், அதிலுள்ள அழுத்தத்தையும், உள்ளே ஓடும் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில் நூல் பிடிக்கலாம்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை அதில் முக்கால் லிட்டர் வரை வாங்கிக்கொள்கிறது. இதயத் தசை தனக்கென்று எடுத்துக்கொள்வது ஏறத்தாழ கால் லிட்டர். நிற்கும்போது மூளை இதயத்துக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கே, பிரஷர் கருவியின் பாதரசக் கணக்கில், 20 மில்லிமீட்டருக்கு மேல் அழுத்தம் செலவாகிவிடும். ஆகவே வரத்து குறைந்தால் முதலில் முறையிடுவது மேல்மாடிதான். மூளைக்கு ரத்தம் அடியோடு நின்றால், பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

இங்கே நம் மொழி கொஞ்சம் குழப்புகிறது. அறையே சுழல்வதையும் 'தலை சுத்துது' என்கிறோம், விழப்போகிற மாதிரி கண் இருட்டுவதையும் 'தலை சுத்துது' என்கிறோம். முன்னது பெரும்பாலும் உள்காதின் சமாச்சாரம். பின்னதுதான் ரத்த ஓட்டத்தின் சமாச்சாரம். நெஞ்சுவலியோடு சேர்ந்து வருவது அநேகமாக இந்த இரண்டாவது வகை. மருத்துவரிடம் 'தலைச்சுற்றல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எது என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லோரும் முதலில் அஞ்சுவது மாரடைப்பு. அஞ்சுவதும் நியாயமே. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், பட்டினி கிடக்கும் தசை வலிக்கிறது; பலவீனமாகத் துடிக்கிறது; மூளைக்குப் போவது குறைகிறது. இதயத்தின் வலி நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் இடத்திலேயே கையிலிருந்தும் மார்பிலிருந்தும் வரும் நரம்புகளும் நுழைகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை. இடது கை, தாடை, முதுகு என்று வலி இடம் மாறித் தெரிவது அதனால்தான். அரிதாகச் சிலருக்கு, மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குப் பதிலாகத் தலை வலிக்கும், உட்கார்ந்தால் நின்றுவிடும். இதயத்திலிருந்து வரும் தலைவலி என்று ஒரு தனி வகையாகவே அதை மருத்துவம் வைத்திருக்கிறது.

துடிப்பு தாளம் தவறினாலும் இதே கதைதான். இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பது அது சுருங்கும்போது அல்ல, தளர்ந்திருக்கும்போது. நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும் இதயத்துக்குத் தளர நேரமில்லை. தானும் சாப்பிடுவதில்லை, மூளைக்கும் பரிமாறுவதில்லை.

ரத்தக் கொதிப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. தலை வலித்தால்தான் பிரஷர் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறோம். மிதமான உயர் ரத்த அழுத்தம் பொதுவாக எந்தச் சத்தமும் போடாது. ஆனால் 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியும் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது அவசரம். அப்படி அழுத்தம் முட்டும் குழாய்களில் இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழியவும் கூடும். நெஞ்சில் தொடங்கி முதுகுக்கு ஓடும், கிழிப்பது போன்ற வலி அது. கிழிசல் கழுத்துக் குழாய்வரை போனால் மயக்கமும் பேச்சுக் குழறலும் வரும். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றுதான் தொடங்கும். இவை இரண்டுமே மாரடைப்பைவிட அரிது, தவறவிட்டால் ஆபத்து.

குழாய்கள் நன்றாக இருந்தும் உள்ளே ஓடுவது சரியில்லாமல் போகலாம். ரத்தசோகை அப்படி. ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் பாதியாகிவிட்டால் இதயம் கூடுதல் நடை அடித்து ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பு, நெஞ்சில் பாரம், தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு எல்லாம் வரும்.

இதைவிடத் தந்திரமானது கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரி எரிகிறது, அல்லது ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணமில்லை, நிறமில்லை. இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் மந்தமான தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல். இதயக் குழாய்கள் ஏற்கெனவே சுருங்கியவருக்கு நெஞ்சுவலி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ 98 என்று சாவகாசமாகக் காட்டும், ஏனென்றால் அதற்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் இந்த விஷவாயு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. துப்பு வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும். வெளியே போனால் குறையும். அப்படித் தோன்றினால் காரணம் ஆராய உட்காராமல் முதலில் வெளியே வர வேண்டும்.

இனி பதற்றம். 'ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை' என்று இதை ஒதுக்குபவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்த வலி நிஜம், அதற்கு வேதியியலும் உண்டு. தொடர்ந்து பலூன் ஊதினால் கிறுகிறுக்குமே, அதுதான் நடக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகி, ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளைக் குழாய்கள் தங்கள் அகலத்தை அந்த வாயுவைப் பார்த்தே தீர்மானிக்கின்றன. அது குறைந்ததும் அவை சுருங்கிவிடும். ஆக, காற்று அதிகமாக இழுக்கிறார், மூளைக்கோ ரத்தம் குறைகிறது! தலை சுற்றும், லேசாக வலிக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். ஓயாமல் இழுத்த விலாத் தசைகள் நெஞ்சைப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு புதுப் பயத்தைக் கிளப்ப, மூச்சு இன்னும் வேகமாகும். இந்தச் சுழல் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்கும். மெதுவாக மூச்சை விடுவது உதவும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் அது மாரடைப்பாக இருந்துவிட்டால், இருக்கிற ஆக்சிஜனையும் குறைத்தவர்களாவோம். முதன்முறை இப்படி வரும்போது 'பதற்றம்தான்' என்று தானே முடிவு கட்டவும் கூடாது.

சில சமயம் மூன்றையும் கோக்கும் ஒற்றை நூலே இருக்காது. ஒற்றைத் தலைவலிக்கு வலி மாத்திரை போட்டு, அது வயிற்றைப் புண்ணாக்கி நெஞ்சு கரிக்க, நேற்று கூட்டிய பிரஷர் மாத்திரையால் தலை சுற்றலாம். நீர்ச்சத்து குறைந்தவர் எழுந்து நிற்கும்போது மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டர் சரிந்து கிறுகிறுப்பதும் அடிக்கடி நடப்பதுதான். மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போங்கள்.

ஆனால் நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ, வாழ்வில் வந்திராத தலைவலி திடீரென இடி மாதிரி இறங்கினாலோ, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் மாரடைப்பு வெறும் களைப்பாகவோ தலைச்சுற்றலாகவோ வேஷம் போட்டு வரலாம்.

மருத்துவமனையில் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கப் பார்ப்பார்கள். பெருந்தமனிக் கிழிசல் சந்தேகம் இருந்தால் இரண்டு கைகளிலும் பிரஷர் பார்ப்பார்கள், ஏனென்றால் கிழிசல் ஒரு கைக்குப் போகும் குழாயை நெரித்திருக்கலாம். பிறகு ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. முதல் ரிப்போர்ட் 'நார்மல்' என்றதும் வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பவரை, இன்னும் சில மணி நேரம் உட்காருங்கள், மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பார்கள். பில்லை ஏற்றுவதற்கான வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ட்ரோபோனின் இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் புரதம். செல் சேதமாகி, அது கசிந்து, கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கு ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். வலி தொடங்கிய அரை மணியில் ஓடி வந்தவரின் முதல் ரிப்போர்ட்டில் அது தெரியாமல் போகலாம்.