பக்கவாதத்துக்குப் பின் வந்த ருசி

சுவிட்சர்லாந்தில் ஓர் அரசியல் பத்திரிகையாளர். சாப்பாட்டில் தனி ஆர்வம் எதுவும் இல்லாதவர். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில். அங்கிருந்தபோது அவர் எழுதிய குறிப்புகளில் நல்ல சாப்பாட்டுக்கான ஏக்கமே நிரம்பிக் கிடந்தது. குணமாகித் திரும்பியவர் அரசியலை விட்டுவிட்டு உணவைப் பற்றிப் பத்தி எழுதப் போய்விட்டார்.

இவரையும் இவரைப் போன்ற இன்னொரு நோயாளியையும் கவனித்த மரியான் ரெகார்ட், தியோடர் லாண்டிஸ் என்ற ஆய்வாளர்கள், மூளையில் பாதிப்பு இருந்த அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 723 பேரைப் பரிசோதித்தார்கள். 36 பேரிடம் இதே மாற்றம் தெரிந்தது. அவர்களில் 34 பேருக்கு வலப்பக்க மூளையின் முன்பகுதியில் பாதிப்பு. 1997இல் வெளியான கட்டுரையில் இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கூர்மான் சிண்ட்ரோம்’.

ஏன் ‘கூர்மான்’? பிரெஞ்சில் ‘கூர்மே’ என்றும் ஒரு சொல் உண்டு. அது முதலில் மது வணிகரிடம் வேலை பார்த்த ஆளைக் குறித்தது; பிறகு மதுவைச் சுவைத்துத் தரம் சொல்பவரை, கடைசியில் நல்ல உணவை இனம் காணத் தெரிந்தவரை. கூர்மான் கொஞ்சம் வேறு ரகம். நம்மூர்ச் சாப்பாட்டு ராமனுக்கு உறவுக்காரர். ருசியும் வேண்டும், ஆசையும் அடங்காது. கிறிஸ்தவம் சொல்லும் ஏழு பெரும் பாவங்களில் பெருந்தீனிக்குப் பிரெஞ்சில் ‘கூர்மான்டீஸ்’ என்றுதான் பெயர். பிரியா-சவரன் என்ற நீதிபதி 1825இல் வெளியிட்ட ‘சுவையின் உடலியல்’ நூலில், கூர்மான்டீஸையும் பெருந்தீனியையும் குழப்புகிற அகராதிக்காரர்களை ஒரு பிடி பிடித்தார். சுவையானதை அறிந்து விரும்புவது வேறு, அளவின்றித் தின்பது வேறு என்பது அவர் வாதம். எனக்கென்னவோ ஆய்வாளர்கள் சரியான சொல்லைத்தான் எடுத்தார்கள் என்று தோன்றுகிறது. அந்த நோயாளிகளிடம் இருந்தது வெறும் ரசனை மட்டுமல்ல. விட முடியாத நாட்டம்.

பசி வேறு, ருசி நாட்டம் வேறு என்பதை மூளையின் அமைப்பே காட்டிவிடுகிறது. ‘எவ்வளவு’ என்ற கணக்கில் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு. அது அடிபட்டால் சிலர் ஓயாமல் சாப்பிடுவார்கள். எது கிடைத்தாலும் சரி. ‘எது நன்றாக இருக்கிறது’ என்பதற்கு வேறு இடம்: கண்குழிகளுக்குச் சற்று மேலே, முன்மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ். நாக்கு தரும் சுவை, மூக்கு தரும் மணம், வாயில் உணரும் மொறுமொறுப்பு, வழவழப்பு, கண்ணில் படும் நிறம் எல்லாம் அங்கே ஒன்றுசேர்கின்றன. உணவின் மணம் மூக்கை வெளியிலிருந்து மட்டும் எட்டுவதில்லை. மெல்லும்போது தொண்டையின் பின்வழியாகவும் மேலேறும். சளி பிடித்தால் எல்லாம் சப்பென்று ஆவது அதனால்தான்.

ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் குரங்குகளுக்குக் குளுக்கோஸ் கரைசலைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுத்து, அங்குள்ள நியூரான்களைக் கவனித்தார்கள். குளுக்கோஸுக்குத் துடித்துக்கொண்டிருந்த நியூரான்கள் மெல்ல மெல்ல அடங்கின. வேறு சுவைக்கு மட்டும் அப்படி அடங்கவில்லை. பந்தியில் மோர் சாதம் வரை வந்து, இனி ஒரு பருக்கைகூட இறங்காது என்பவரும் பாயசத்துக்குக் கை நீட்டுவது இப்படித்தான். வயிறு நிறைவது ஒன்று, ஒரு சுவை சலிப்பது இன்னொன்று. சலிப்பு வருவதால்தான் அடுத்த பதார்த்தத்தைத் தேடுகிறோம். பல வகையாகச் சாப்பிடுகிறோம்.

இந்தப் பகுதி தனியாக இயங்குவதில்லை. ஆசையைத் தூண்டும் லிம்பிக் அமைப்பு, பழக்கங்களை நடத்தும் அடித்தள நரம்பணுத் திரள்கள், ‘போதும், நிறுத்து’ என்று கடிவாளம் போடும் முன்மூளை எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அந்த நோயாளிகளின் பாதிப்புகளும் வலப்பக்கத்தில் இதே வட்டாரத்தில்தான் இருந்தன. அதனால் நாக்கு திடீரென்று கூர்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடிவாளம் தளர்ந்தபோது ஆசை ஒரே திசையில் ஓடியிருக்கிறது என்று பார்ப்பதே பொருத்தம். சூதாட்டத்திலோ பொருள்களை வாங்கிக் குவிப்பதிலோ ஓடக்கூடிய ஆசை இங்கே சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது. மூளை அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதுமில்லை. 723இல் 36 என்பது 5 சதவீதம்தான்.

ரெகார்டும் லாண்டிஸும் இதைத் தீங்கற்ற உணவுக் கோளாறு என்றே வகைப்படுத்தினார்கள். பின்னாளில், 2008இல், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ள ஒரு சிறுவனிடமும் இதே நாட்டம் இருந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவனுக்கும் பாதிப்பு வலப்பக்கத்தில்தான். பிள்ளை நல்லதாகத் தேடிச் சாப்பிடுகிறானே என்று மகிழ்கிற வீட்டில் இதை ஒரு நோய்க்குறி என்று எடுத்துச் சொல்வது எந்த மருத்துவருக்கும் லேசான வேலையாக இருக்காது.