புதிய கோயில் கட்டப் போகிறீர்களா? முதலில் ஞாயிறு பூசைக்கு வருபவர்களை எண்ணுங்கள்

புதிய கோயில் கட்டுவது பற்றிப் பேச ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம், என்னை அழைத்தால், பெரும்பாலும் நான் போவதற்கு முன்பே முகப்புப் படம் தயாராகியிருக்கும். இரண்டு கோபுரம், நடுவில் வட்டச் சாளரம், உச்சியில் சிலுவை, பின்னால் நீல வானம். அதைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் வாசலில் மாட்டி, நன்கொடைப் புத்தகமும் அடித்துவிட்டிருப்பார்கள். அந்தப் படம் மக்கள் மனதில் பதிந்துவிட்டால் பிறகு ஒரு சன்னலை நகர்த்துவதற்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கட்டடக் கலைஞனாக நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்தப் படத்தில் தொடங்கியவைதான்.

அதனால் நான் முதலில் கேட்பது கணக்கு. எந்தப் பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? "கூட்டம் தாங்கவில்லை, பாதிப் பேர் வெளியேதான் நிற்கிறார்கள்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது எல்லாப் பூசைகளுக்குமா? எட்டு ஞாயிறு, ஒவ்வொரு பூசையிலும் நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் ஒருமுறை, நற்கருணை வழங்கும் நேரத்தில் ஒருமுறை எண்ணச் சொல்வேன். இளைஞர் இருவர் நோட்டோடு வாசலில் நின்றால் போதும்.

ஒரு பங்கில் அப்படி எண்ணியபோது அதிகாலைப் பூசைக்குச் சுமார் 140 பேர், இரண்டாம் பூசைக்கு 620, மாலைக்கு 210 என்று வந்தது. பங்குப் பேரவை கேட்டிருந்ததோ 1,000 பேர் அமரும் கோயில். நெரிசலுக்குக் காரணம் என்ன என்று பார்த்தால், மறைக்கல்வி வகுப்பு இரண்டாம் பூசையை ஒட்டி மட்டுமே நடந்தது. பிள்ளைகள் உள்ள குடும்பம் அத்தனையும் அதற்கே வந்தாக வேண்டும். மாலையிலும் ஒரு வகுப்பு தொடங்கியதும் கூட்டம் பிரிந்தது. இனி வரப்போகும் குடும்பங்களையும் சேர்த்து 650 இருக்கை போதும் என்று முடிவானது. மிச்சமான பணத்தில் வகுப்பறைகள் கட்டினார்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. திருச்சபைச் சட்டம் 905-இன்படி ஒரு குரு ஒரு நாளில் ஒரு திருப்பலிதான், அதாவது ஒரு பூசைதான், நிறைவேற்றலாம். குருக்கள் பற்றாக்குறை என்றால், பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் அனுமதியோடு இரண்டு, ஞாயிறிலும் கடன் திருநாளிலும் (பூசைக்குக் கட்டாயம் வர வேண்டிய திருநாள்) மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் மூன்று. இன்று இரண்டு குருக்கள் இருக்கும் பங்கில் நாளை ஒருவர்தான் இருப்பார் என்றால் பூசைகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு பூசைக்கும் கூட்டம் கூடும். கோயிலின் அளவைப் பற்றி மறைமாவட்டத்தோடு பேசும்போது இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

எப்படியும் மறைமாவட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆயரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் கோயில் கட்டக் கூடாது என்கிறது சட்டம் 1215. ஒப்புதல் தருவதற்கு முன் ஆயர் குருக்கள் மன்றத்தையும் பக்கத்துக் கோயில்களின் பொறுப்பாளர்களையும் கேட்க வேண்டும். கட்டவும் வழிபாடு நடத்தவும் தேவையான வசதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடிக்கல் நாட்டிவிட்டு அனுமதி கேட்கப் போன பங்குகளை எனக்குத் தெரியும். அந்தத் தர்மசங்கடம் யாருக்கும் வேண்டாம்.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசைக் கூட்டத்தை வைத்துக் கோயிலின் அளவை முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டுக் கதவுகளை அகலமாக வைத்து, வெளியே நிழல் உள்ள தாழ்வாரம் விட்டால் அந்தச் சில நாட்களைச் சமாளித்துவிடலாம். பெஞ்சில் ஒருவருக்கு அரை மீட்டர், முழங்காலிட இடம் விட்டு வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். நடைபாதையும் சேர்த்தால் ஒருவருக்கு முக்கால் முதல் ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள். பீடமுற்றம் (பூசை நடக்கும் பீடத்தைச் சுற்றிய பகுதி), பாடகர் குழு, நுழைவுக்கூடம் எல்லாம் இதற்கு மேல்.

சரி, படிகளுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்கப் பூசைக்குப் போயிருந்தேன். நல்ல கம்பீரமான கோயில், வாசலில் 11 படி. இறந்தவர் ஒரு வயதான தாய். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்னால் போனவர்கள் மேலே ஏற ஏறப் பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்தவர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் சமமாகவில்லை. அவருடைய மகள் கால்மாட்டில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டே ஏறினார். உள்ளே போனால் நடுப்பாதை குறுகல். தூக்கியவர்கள் ஒருக்களித்து நடந்தார்கள். படத்தில் பார்க்க அந்தப் படிகள் அழகாகத்தான் இருந்திருக்கும். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 11 படியின் உயரம் 1.65 மீட்டர். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்ற சரிவு வேண்டும், அதாவது ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், இடையில் நின்று இளைப்பாறும் தளங்கள் தனி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்கு மனையில் இடமே இருக்காது.

நான் அதிகம் வருந்துவது ஒலியைப் பற்றி. கோடிக் கணக்கில் செலவழித்துக் கட்டிய கோயிலில் கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்கு மறையுரை புரியவில்லை என்றால் என்ன பயன்? உயரமான கூரை, பளபளக்கும் தரை, வழுவழுப்பான சுவர், பெரிய கண்ணாடிகள்: இவை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன் மேல் ஏறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார் அவர். அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்கம் (ஒலி அடங்காமல் நீடிப்பது) கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற கணக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

பேச்சு தெளிவாகக் கேட்க எதிர்முழக்கம் ஏறத்தாழ ஒரு விநாடியில் அடங்க வேண்டும். பாடலுக்கு இன்னும் கொஞ்சம் நீண்டால் இனிமை. கோயிலில் இரண்டுமே உண்டு என்பதால் நடுவில் ஓர் அளவைத் தேட வேண்டும், அதையும் வரைபடத்திலேயே தேட வேண்டும். மனித உடலும் ஒலியை உறிஞ்சும். அதனால் கோயில் நிறைந்த ஞாயிறைவிட, முப்பது பேர் வரும் வாரநாள் பூசையில்தான் முழக்கம் அதிகம். மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும், தெளிவு வராது. உட்கூரையிலும் பின்சுவரிலும் ஒலி உறிஞ்சும் பொருள்களுக்கு முதல் மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குங்கள். கவிமாடம் (குவிந்த கூரை) கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். குழிந்த பரப்பு ஒலியை ஓரிடத்தில் குவிக்கும்.

பீடத்தை முதலில் வரையுங்கள், கோயில் அதைச் சுற்றி வளரட்டும். 1963-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய சங்கம்) திருவழிபாட்டு ஏடு, கோயில் கட்டும்போது மக்கள் முழு ஈடுபாட்டோடு பங்கேற்க அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பீடம் சுவரை ஒட்டாமல், சுற்றி நடக்க வசதியாக இருக்க வேண்டும். புதிய கோயிலில் ஒரே பீடம் இருப்பது நல்லது. நிலையான பீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லாக இருப்பது மரபு. ஆயர் பேரவை அனுமதித்தால் உறுதியான வேறு பொருளும் ஆகலாம். 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் கருங்கல் பலகை மட்டுமே 700 கிலோவைத் தாண்டும். பீடமுற்றத்துக்குக் கீழே அறை வைக்க நினைத்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் இதை அன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: கோயிலை இறைவனுக்கு அர்ப்பணிக்கும் நேர்ந்தளிப்பின்போது ஆயர் சுவர்களில் 12 அல்லது 4 இடங்களில் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசுவார். அங்கே பதிக்கும் சிலுவைகளுக்கான இடத்தையும் குறித்துவையுங்கள்.

பணம் பற்றிப் பேசும்போது நான் இங்கிலாந்தின் லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயத்தைச் சொல்வேன். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த கோயிலுக்கு அங்கே 1933-இல் அடிக்கல் நாட்டினார்கள். உரோமையின் புனித பேதுரு பேராலயத்தைவிடப் பெரிய கவிமாடம் என்பது திட்டம். போர் வந்தது, செலவு எங்கோ போனது. 1958-இல் நிலவறைக் கோயில் மட்டும் முடிந்தது. மீதியைக் கைவிட்டு, அதைவிட மிகச் சிறிய வேறொரு வடிவத்தை 1962-இல் தொடங்கி 1967-இல் முடித்தார்கள். பெரிய மறைமாவட்டத்துக்கே அந்த நிலை. ஒரு பங்கு தன் கையிருப்பையும் உறுதியான வாக்குறுதிகளையும் தனித்தனியாக எழுதி, எதிர்பாராச் செலவுக்கு 10 விழுக்காடாவது ஒதுக்கி, நிதிக்குழுவில் வைத்துப் பேசிய பிறகு அளவை முடிவு செய்தால் நிம்மதி.

வரைபடம் ஓரளவு முடிந்ததும் நான் கோயில்பிள்ளையோடு (கோயிலைப் பராமரிக்கும் பணியாளர்) உட்காருவேன். அந்த இடங்களைத் தினமும் கையாளுபவர் அவர்தான். ஒருமுறை ஒரு பெரியவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். உயிர்ப்புத் திருநாளில் ஏற்றும் பெரிய பாஸ்காத் திரி ஆண்டு முழுவதும் எங்கே நிற்கும், பீடத்துக்குப் பூ வைக்கிறவர்கள் தண்ணீர் எங்கே பிடிப்பார்கள், திடீரென்று மழை அடித்தால் ஆறு மீட்டர் உயரத்திலிருக்கும் சன்னல்களை யார் மூடுவது? முதல் இரண்டுக்கும் அன்று மாலையே இடம் கண்டுபிடித்தோம். மூன்றாவது கேள்விக்காகப் பதினான்கு சன்னல்களையும் அழித்துவிட்டு, தரையில் நின்று கையால் மூடும் உயரத்துக்கு இறக்கி மறுபடி வரைந்தேன்.