மூடியைத் திறந்து கொடுத்துவிடாதீர்கள்

வளர்ச்சி மதிப்பீட்டுக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுப்பேன். உள்ளே குட்டிக் கார் இருப்பது வெளியிலிருந்தே தெரியும். குழந்தை முதலில் குலுக்கும். பிறகு கவிழ்த்துப் பார்க்கும், மூடியைக் கடிக்கும், தரையில் தட்டும். ஒரு வழி பலிக்கவில்லை என்று தெரிந்துதான் அடுத்ததற்குப் போகிறது. யோசனை நடப்பதே அந்தக் குலுக்கலிலும் கடியிலும்தான். பெரும்பாலும் சரியாக அந்த நேரத்தில், “இங்க குடுடா தங்கம்” என்று பாட்டியின் கை நீளும். டப்பா திறந்துவிடும், தேடல் நின்றுவிடும்.

சில குழந்தைகள் தாங்களாகவே டப்பாவை அம்மாவிடம் நீட்டும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். தன்னால் முடியவில்லை, இவரால் முடியும் என்று கண்டுபிடித்து உதவி கேட்பதும் ஒரு தீர்வுதான். ஆனால் முழுதாகத் திறந்து தராதீர்கள். மூடியைப் பாதி தளர்த்திக் கொடுங்கள், மீதியை அது திருகட்டும். அடுத்த தடவை விரலால் திருகுவதுபோல் சைகை மட்டும் காட்டினால் போதும்.

எவ்வளவு உதவுவது என்பது வயதைப் பொறுத்தது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், 21 மரக்கட்டைகளைப் பொருத்திக் கோபுரம் கட்டும் வேலையை 3, 4, 5 வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வயதுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது. நான்கு வயதுக்குப் பெரும்பாலும் வாயால் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்கோ தான் செய்தது சரிதானா என்ற உறுதியே பெரும்பாலும் தேவைப்பட்டது. நம் வீடுகளிலோ ஐந்து வயதுக்கும் ஊட்டித்தான் விடுகிறோம். எல்.கே.ஜி.யில் எழுத்து எழுதும் பிள்ளைக்குச் செருப்பின் பட்டையை மாட்டத் தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

காரணம் நேரமின்மைதான், புரிகிறது. காலை எட்டு மணிக்கு வேன் வந்து நிற்கும்போது பொத்தான் போடக் காத்திருக்க முடியாது. சரி, காலையில் நீங்களே போட்டுவிடுங்கள். சாயங்காலம் சட்டையை அது கழற்றட்டும். பந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டால் உடனே குனிந்து எடுக்காமல், “கை எட்டலையே, வேற எதை வச்சு எடுக்கலாம்?” என்று கேளுங்கள். துடைப்பமா ஸ்கேலா என்று அதுவே தேடட்டும். ஸ்கேல் நீளம் போதாமல் திரும்பி வந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வாங்கிய விலைக்காகப் புதுப் பொம்மையை ‘இப்படித்தான் விளையாடணும்’ என்று சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பொம்மையின் ஒரு வேலையைப் பெரியவர் பாடமாகக் காட்டிய குழந்தைகள் பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படிப் பாடம் நடத்தப்படாத குழந்தைகள் அதே பொம்மையில் ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள்.

மூன்று வயது முடிந்தும் எளிய சொற்களில் சொல்வது புரியவில்லை, இரண்டு மூன்று துண்டுப் புதிரில்கூட நாட்டமில்லை, பாவனை விளையாட்டே இல்லை என்றால் “போகப் போகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.